உழாத குத்தகைதாரர்: கொலராடோவின் பாக்கா கவுண்டியில் அரசு மண்ணுக்குக் கொடுத்த பணம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பாக்கா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு) நிலம் வைத்திருக்கும் பலருடைய வங்கிக் கணக்கில் மத்திய அரசு ஒரு தொகையைப் போடுகிறது. அது விளைச்சலுக்கான விலையோ, பயிர்க் காப்பீடோ, வறட்சி நிவாரணமோ அல்ல. அது குத்தகைப் பணம். அரசு அவர்களுடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. எடுத்த நிலத்தை அது உழுவதில்லை, யாரையும் உழ விடுவதுமில்லை. பத்து ஆண்டுகளோ பதினைந்து ஆண்டுகளோ அங்கே புல் மட்டும் நிற்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம்.

நிலத்தைச் சும்மா போட்டு வைக்க ஒருவருக்குப் பணம் கொடுப்பதா என்ற கேள்வி யாருக்கும் எழும். தமிழில் ‘தரிசு’ என்ற சொல்லே நம் காதில் கொஞ்சம் இழிவாகத்தான் விழுகிறது. தரிசாகக் கிடக்கும் நிலம் என்றால் கைவிடப்பட்ட நிலம் என்றே நினைக்கிறோம். ஆனால் நம் உழவர்களிடம் இன்னொரு வழக்கும் உண்டு: நிலத்தை ‘ஆறப் போடுவது’. பாக்கா கவுண்டியில் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துவருவது, ஆறப் போடவே கூடாதா, போட்டால் யார் செலவில் போடுவது என்ற சச்சரவுதான். அந்த ஒரே கவுண்டியில் அமெரிக்க அரசு இரண்டு வழிகளைச் செய்து பார்த்திருக்கிறது. ஒரு முறை நிலத்தை விலைக்கே வாங்கிவிட்டது. இரண்டு முறை குத்தகைக்கு எடுத்தது. இரண்டு வழிகளின் விளைவும் இன்று ஒரே வானத்தின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இந்தக் கவுண்டியை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது பாக்கா. கிழக்கே கான்சஸ், தெற்கே ஓக்லஹோமா, தென்மேற்கில் நியூ மெக்சிகோ. பரப்பு சுமார் 6,600 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 3,506. ஒரு மாவட்டம் அளவுக்கு நிலம், ஓர் ஊராட்சி அளவுக்கு ஜனம். தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. வால்ஷ், கேம்ப்போ, பிரிச்செட் போன்ற மற்றவை எல்லாம் சிற்றூர்கள். மழை ஒரு நல்ல ஆண்டில் 400 மில்லிமீட்டரைத் தொடும். தொடாத ஆண்டுகள் பல. கோதுமையும் சோளமும் பெரும்பாலும் மானாவாரி. ஒரு காலத்தில் துடைப்பம் கட்டுவதற்கான சோளத்துக்கும் இந்தப் பகுதி பெயர் பெற்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இங்கே காற்று உண்டு. தடுக்க ஒரு மலையோ காடோ இல்லாத சமவெளியில் மாதக்கணக்கில் ஓயாமல் வீசும் காற்று.

மண் எழுந்து போனது

இந்தச் சமவெளியின் மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தவை குட்டையான இரண்டு புற்கள்: நீலக் கிராமாவும் எருமைப்புல்லும். விரல் உயரத்துக்குத்தான் வளரும். வேரோ ஆள் உயரத்துக்குக் கீழே போகும். முதல் உலகப் போரின்போது கோதுமைக்கு அரசே புஷல் என்ற தானிய அளவுக்கு இரண்டு டாலருக்கு மேல் விலை உறுதி கொடுத்தது. போருக்குப் பின் விலை இறங்கினாலும் டிராக்டர் வந்துவிட்டது, வட்டுக்கலப்பை வந்துவிட்டது. 1920-களின் பிற்பகுதியில் ரயில் பாதை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்ததும் தானியத்தை அனுப்பும் கவலையும் தீர்ந்தது. நிலத்துக்குப் பக்கத்தில் குடியிருக்காமல், விதைக்கவும் அறுக்கவும் மட்டும் வந்து போகிற ‘பெட்டிப் படுக்கை விவசாயிகள்’ வேறு பெருகினார்கள். நூற்றாண்டுகள் எடுத்துப் பின்னிய வேர்ப்பாயை சில ஆண்டுகளில் புரட்டிப் போட்டார்கள்.

1931-இல் கோதுமை நன்றாக விளைந்தது. விலை மண்ணோடு மண்ணானது. 1932-லிருந்து மழை பொய்த்தது. விதைத்தது முளைக்கவில்லை, முளைக்காத நிலத்தில் மூடாக்கு எதுவும் இல்லை, காற்றுக்கு மண் நேரடியாகக் கிடைத்தது. 1935 ஏப்ரல் 14, ‘கறுப்பு ஞாயிறு’ அன்று வடக்கிலிருந்து சுவர்போல் எழுந்து வந்த புழுதி பட்டப்பகலை இருட்டாக்கியது. மறுநாள் செய்தி எழுதிய ஒரு நிருபர் பயன்படுத்திய சொற்கள்தான் ‘டஸ்ட் பவுல்’ (புழுதிக் கிண்ணம்) என்று அந்தப் பகுதிக்கே பெயராயின. அதன் மையத்தில் இருந்த கவுண்டிகளில் பாக்காவும் ஒன்று. புழுதி நுரையீரலில் படிந்து மக்கள் இறந்தார்கள். வேலிகள் மணலில் மூழ்கின. 1930-இல் 10,570 பேர் இருந்த கவுண்டியில் 1940-இல் 6,207 பேர் மிஞ்சினார்கள்.

அந்தக் கறுப்பு ஞாயிறு முடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள், ஏப்ரல் 27 அன்று, மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடி வந்தவர். தனியாருடைய நிலத்தின் மண் நாட்டின் சொத்து என்ற எண்ணம் அமெரிக்கச் சட்டத்துக்குள் அழுத்தமாக நுழைந்தது அன்றுதான். பாக்காவில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே அடிக்கல்.

முதல் வழி: வாங்கிவிடுவது

1930-களின் நடுவில் அரசு, பயிருக்கு உதவாது என்று கருதிய நிலங்களை உரிமையாளர்களிடமிருந்து வாங்கத் தொடங்கியது. நாடு முழுவதும் இப்படி வாங்கியது ஒரு கோடியே 13 லட்சம் ஏக்கர். செலவு சுமார் நாலே முக்கால் கோடி டாலர். அதாவது ஏக்கருக்குச் சராசரியாக நாலு டாலருக்குச் சற்று மேல். இந்த விலையை அரசின் சாமர்த்தியம் என்று எண்ணிவிடக் கூடாது. கையில் காசில்லாத, கடன் கழுத்தை நெரித்த குடும்பங்கள் வேறு வழியின்றி விற்ற விலை அது. வீட்டைப் பிரித்து, கிணற்றை மூடி, ஊரை விட்டே போனவர்களின் வலி அந்த நாலு டாலருக்குள் இருக்கிறது.

வாங்கிய நிலத்தில் அரசு புல் விதைத்தது. மணல் மேடுகளைச் சமப்படுத்தி, முதலில் சோளம் விதைத்து, அந்தச் சோளத்தாளின் நிழலில் புல்லை எழுப்பினார்கள். 1954-இல் இந்த நிலங்கள் வனத்துறையின் பொறுப்புக்குப் போயின. 1960-இல் தேசியப் புல்வெளிகள் என்று பெயர் பெற்றன. பாக்காவிலும் அதை ஒட்டிய இரண்டு கவுண்டிகளிலுமாகச் சுமார் 4,40,000 ஏக்கர் கொண்ட கோமாஞ்சி தேசியப் புல்வெளி அப்படிப் பிறந்ததுதான்.

இந்தப் புல்வெளியைச் சரணாலயம்போல் பூட்டி வைக்கவில்லை. சுற்றியுள்ள மாட்டுப் பண்ணைக்காரர்கள் கட்டணம் கட்டி மேய்க்கிறார்கள். எத்தனை மாடு, எந்த மாதம் என்பதற்கு வரம்பு உண்டு. மேய்ப்பதற்காக வேலி போட்டார்கள், காற்றாடி நட்டுத் தண்ணீர் இறைத்துத் தொட்டி கட்டினார்கள். நிகர வருவாயில் கால் பங்கு கவுண்டியின் பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டும் என்று 1937-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த வேலியையும் தொட்டியையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அவற்றுக்கு வருகிறேன்.

இரண்டாம் வழி: குத்தகை, முதல் முறை

1950-களில் மழை மறுபடியும் பொய்த்தது. மறுபடியும் புழுதி எழுந்தது. இதற்கிடையில் நாட்டில் தானியம் மிதமிஞ்சிக் குவிந்திருந்தது. இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாக 1956-இல் ‘மண் வங்கி’ என்ற திட்டம் வந்தது. பயிர் நிலத்தைப் புல்லுக்கோ மரத்துக்கோ விட்டால் பத்து ஆண்டு வரை அரசு ஆண்டுக் குத்தகை தரும். 1960-இல் நாடெங்கும் 2 கோடியே 87 லட்சம் ஏக்கர் இதில் இருந்தது.

ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. 1972-இல் சோவியத் ஒன்றியம் அமெரிக்கத் தானியத்தைப் பெரும் அளவில் வாங்கியது. கோதுமை விலை தாவியது. வேளாண் துறைச் செயலராக இருந்த ஏர்ல் பட்ஸ், வேலி முதல் வேலி வரை விதைக்கச் சொல்லி விவசாயிகளை ஊக்கப்படுத்தினார். மக்கள் வரிப்பணத்தில் பத்து ஆண்டு வளர்த்த புல்லின் பெரும்பகுதி கலப்பைக்கு இரையானது. விலைக்கு வாங்கிய கோமாஞ்சிப் புல்வெளியில் ஒரு சால்கூட ஓடவில்லை. குத்தகைக்கு எடுத்த புல் விலை ஏறும்வரைதான் நின்றது. பாக்காவின் கதையில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இந்த இடம்தான். எண்பதுகளில் சட்டம் எழுதியவர்கள் இந்தப் பாடத்தை அறிந்திருந்தும் மறுபடி குத்தகையையே தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்பதை அப்போதைய விவசாயிகளின் நிலையைப் பார்த்தால்தான் புரியும்.

எழுபதுகளில் கடன் வாங்கி டிராக்டரும் நிலமும் வாங்கியவர்களுக்கு, 1977-இல் விலை சரிந்தபோது மூச்சு முட்டியது. ‘அமெரிக்க வேளாண் இயக்கம்’ அந்த ஆண்டு பிறந்தது இந்த பாக்கா கவுண்டியில்தான். உற்பத்திச் செலவுக்கு ஈடான விலை கேட்டு விவசாயிகள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். 1979 பிப்ரவரியில் நாட்டின் பல மூலைகளிலிருந்து டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு வாஷிங்டனுக்கே போனார்கள். கேட்ட விலை கிடைக்கவில்லை. வட்டி ஏறியது, நிலத்தின் மதிப்பு விழுந்தது. 1983 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு நீதிமன்ற வாசலில் ஒரு பண்ணை ஜப்தி ஏலத்துக்கு வந்தபோது திரண்ட விவசாயிகள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. இப்படிப்பட்ட ஊரில் போய் ‘உங்கள் நிலத்தை அரசுக்கு விற்றுவிடுங்கள்’ என்று எந்த அரசியல்வாதியும் சொல்லியிருக்க முடியாது. நிலத்தை இழப்பதுதானே அங்கே எல்லோருடைய அச்சமும்.

1985-ஆம் ஆண்டுச் சட்டம்

1985 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நிலக் காப்பு ஒதுக்கத் திட்டம் இடம்பெற்றது. தொடக்கத்தில் சொன்ன அக்டோபர் குத்தகைப் பணம் இதிலிருந்து வருவதுதான். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு விவசாயிகள் அதை ‘சி.ஆர்.பி.’ என்றே சொல்கிறார்கள். சட்டத்தின் மறுபக்கத்தில் ஒரு தடையும் இருந்தது: எளிதில் அரிக்கும் புல் நிலத்தை மண் காப்புத் திட்டமின்றிப் புதிதாக உழுபவருக்கு எந்த வேளாண் மானியமும் கிடையாது. கிழக்குக் கொலராடோவில் வெளியாட்கள் மேய்ச்சல் நிலத்தை வாங்கி உழுது கோதுமை நிலமாக விற்ற கொடுமையைப் பார்த்து, அந்த மாநிலத்தின் செனட்டர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1981-லேயே கொண்டுவந்த யோசனை அது.

சி.ஆர்.பி. வேலை செய்யும் விதம் இது. அண்மை ஆண்டுகளில் உண்மையாகவே பயிர் செய்யப்பட்ட, எளிதில் அரிக்கும் நிலமாக இருக்க வேண்டும். உரிமையாளர், ஏக்கருக்கு ஆண்டுக்கு எவ்வளவு குத்தகை வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். கவுண்டியில் இருக்கும் பண்ணைச் சேவை அலுவலகம் அதை வாங்கும். அந்த அலுவலகத்தை மேற்பார்க்கும் குழுவை உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலம் ஏற்கப்பட்டால் புல் விதைக்கும் செலவில் பாதியை அரசு ஏற்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 50,000 டாலர். ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் கால் பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது. உள்ளூர்க் கடைத்தெரு படுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. கொலராடோவில் அதிக நிலம் இத்திட்டத்துக்குள் போன கவுண்டிகளில் பாக்காவும் ஒன்று.

தொடக்கத்தில் அரசு ஒரு தவறு செய்தது. எவ்வளவு கேட்டால் ஏற்போம் என்ற உச்சவரம்பை ரகசியமாக வைத்திருந்தது. ஓரிரு சுற்றுகளிலேயே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு யார்தான் குறைவாகக் கேட்பார்கள்? பரந்த வட்டாரங்களுக்கு ஒரே வரம்பு என்பதால், மண் மெலிந்த, மழை குறைந்த சமவெளிக் கவுண்டிகளில் அரசு தந்த குத்தகை உள்ளூர்க் குத்தகையைவிட அதிகமாக இருந்தது. நாட்டின் சராசரி ஏக்கருக்கு 50 டாலர் அளவில் நின்றது. பத்து ஆண்டுக்கு 500 டாலர். முப்பதுகளில் வாங்கிய நிலத்தின் நாலு டாலரை எண்பதுகளின் பண மதிப்புக்கு மாற்றினால் முப்பத்து சொச்சம் டாலர் வரும். அதாவது ஒரே ஓர் ஆண்டின் குத்தகை, அன்று நிலத்தையே வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அன்றைய விலை துயர விலை என்று முன்பே சொன்னேன், ஆகவே இதை நேருக்கு நேர் ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனாலும் பத்தாண்டு முடிவில் அரசின் கையில் ஒரு பிடி மண்ணும் இல்லை என்பதை மறைக்க முடியாது.

இந்தக் குறையைப் பின்னால் பெருமளவு திருத்தினார்கள். 1990-க்குப் பிறகு குத்தகை அந்தந்த மண்ணின் விளைதிறனைப் பொறுத்தது என்றானது. காட்டுயிருக்கும் நீருக்கும் காற்றுக்கும் மண்ணுக்கும் எவ்வளவு நன்மை என்று மதிப்பெண் போட்டு, செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு, மேலே நிற்கும் நிலங்களை மட்டும் எடுத்தார்கள். 2018-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுச் சேர்க்கைக்கான குத்தகையைக் கவுண்டிச் சராசரியில் 85 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் கட்டியது. பிழையைத் திருத்திக்கொள்ளும் பொறுமை இந்தத் திட்டத்துக்கு இருந்தது; நான் இதை மதிக்க அது ஒரு முக்கியக் காரணம்.

புல் விதைப்பது சொல்வதுபோல் எளிதல்ல. இங்கே வெறும் மண்ணில் தூவினால் விதையோடு மண்ணையும் காற்று கொண்டுபோய்விடும். முப்பதுகளில் கற்ற பாடத்தையே மறுபடி கையில் எடுத்தார்கள். முதல் ஆண்டு சோளம் விதைத்து, கதிர் முற்றுமுன் நிறுத்தி, தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தாள்களின் ஊடாக, புல் விதைக்கென்றே செய்த கருவியை ஓட்டுவார்கள். பஞ்சுபோன்ற விதை குழாயில் அடைத்துக்கொள்ளும். அரை அங்குல ஆழத்துக்குக் கீழே போனால் முளைக்காது. இரண்டு மழை தவறினால் எல்லாம் முதலிலிருந்து. புல் காலூன்ற மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும் என்பது அங்கே சாதாரணம். ‘சும்மா இருப்பதற்குப் பணம்’ என்று பேசுபவர்கள் இந்த ஐந்து ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஊர் என்ன ஆயிற்று

சி.ஆர்.பி. மீதான கோபங்களில் மிக உண்மையானது கடைத்தெருவிலிருந்து வருவது. உழாத நிலத்துக்கு டீசல் வேண்டாம், உரம் வேண்டாம், உதிரி பாகம் வேண்டாம். தானியக் கிடங்குக்கு லாரி வராது. வயதான உரிமையாளர் பண்ணை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு நகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விடலாம். குத்தகைப் பணமும் அவரோடு போகும். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழலாம் என்று காத்திருந்த இளைஞர் அரசோடு போட்டி போட முடியாது. குத்தகைதாரரை வெளியேற்றிவிட்டு நிலத்தைச் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் இனிமேல் வரவேண்டிய குத்தகைதாரரை எந்த விதி காப்பாற்றும்? 2008-இல்தான் இதற்கு ஒரு சிறு வழி செய்தார்கள்: ஓய்வு பெறும் உரிமையாளர், ஒப்பந்தம் முடிந்த நிலத்தைப் புதிதாக விவசாயத்துக்கு வருபவரிடம் விற்றாலோ நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தாலோ இரண்டு ஆண்டுக் குத்தகை கூடுதலாகக் கிடைக்கும்.

ஆனால் திட்டம்தான் ஊரைக் காலி செய்தது என்ற குற்றச்சாட்டைக் கவுண்டியின் சொந்த எண்களே முழுதாக ஏற்கவில்லை. 1980-இல் 5,419 பேர். 1990-இல் 4,556. இந்தப் பெரிய சரிவின் தொடக்கம் திட்டம் வருவதற்கு முன்பே, கடனும் ஜப்தியுமாகக் கழிந்த ஆண்டுகளில் இருக்கிறது. புல் நிலம் முழு அளவில் இருந்த அடுத்த பத்தாண்டில் என்ன ஆயிற்று? 2000-இல் 4,517. குறைந்தவர்கள் 39 பேர். அதற்கடுத்த பத்தாண்டில் மறுபடி 3,788-ஆக விழுந்தது. ஒரு கவுண்டியின் கணக்கை வைத்து, குத்தகைப் பணம்தான் மக்களைப் பிடித்து நிறுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது அவர்களைத் துரத்தியது என்று சொல்லவும் இந்தக் கணக்கு இடம் தரவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2004-இல் நாடு தழுவிய அளவில் ஆராய்ந்து சொன்னதும் இதை ஒட்டியதே: முதல் சில ஆண்டுகளில் வேலைவாய்ப்பு வளர்ச்சி சற்று மங்கியது, பிறகு அந்த விளைவு கரைந்துவிட்டது, மக்கள்தொகை மீது முறையான பாதிப்பு எதுவும் காணப்படவில்லை.

அடிபட்டவர்கள் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சராசரி தேறிவிட்டாலும் மூடிய உரக்கடை மூடியதுதான். மண்ணைக் காத்ததற்கு நில உரிமையாளருக்குப் பணம் வந்தது. அதே மண்ணைக் காத்ததால் வியாபாரம் போனவருக்கு ஒன்றும் வரவில்லை. இந்த அநீதி சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, கால் பங்கு வரம்பே அதற்குச் சாட்சி. வரம்பு போட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது என் குறை.

புல் செய்த வேலை

அமெரிக்கப் பயிர் நிலங்களிலிருந்து 1982-இல் நீரும் காற்றும் அரித்துச் சென்ற மண் ஆண்டுக்குச் சுமார் 306 கோடி டன். 2007-இல் அது 173 கோடி டன்னாகக் குறைந்தது. இதில் சி.ஆர்.பி.யின் பங்கு பெரிது. உழவைக் குறைத்த சாகுபடி முறைக்கும், 1985 சட்டத்தின் தடைகளுக்கும் மற்றப் பங்கு. பொருளாதார அறிஞர்கள் இதில் ஒரு கசிவையும் கண்டார்கள். நாட்டின் நடுப்பகுதியில் திட்டத்துக்குள் வந்த ஒவ்வொரு நூறு ஏக்கருக்கும் சுமார் இருபது ஏக்கர் வேறு இடத்தில் புதிதாக உழப்பட்டதாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு கையால் மூடியதை மறு கை திறந்திருக்கிறது.

மண் ஆறுவது மெதுவாகத்தான் நடக்கும். உழுது கைவிட்ட நிலத்தை அங்கே ‘திரும்பிப் போன நிலம்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அது புல்லுக்கே திரும்பிவிட்டது என்று பொருள். ஆனால் வடகிழக்குக் கொலராடோவில், கைவிட்டு ஐம்பது ஆண்டு ஆன வயல்களை ஆராய்ந்தவர்கள், மண்ணின் உயிர்ப்பான பகுதி மீண்டுவிட்டதையும், ஒட்டுமொத்த மக்குச் சத்து இன்னும் பின்தங்கியிருப்பதையும் கண்டார்கள். நீலக் கிராமாப் புல் தானாகத் திரும்பி வருவது அதைவிட அரிது. ஐம்பது ஆண்டில் பாதி தேறும் நோய்க்குப் பத்து ஆண்டு மருந்துச் சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

பறவை ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறு புல்வெளிக் கோழி என்று பெயர். வசந்தத்தில் ஆண் கோழிகள் ஒரு வெட்டவெளியில் கூடி, கழுத்துப் பைகளை உப்பவைத்துக் காலால் தரையைத் தட்டி ஆடும். மேற்குக் கான்சஸில் சி.ஆர்.பி. புல் நிலங்கள் பரவியபோது, அற்றுப்போன இடங்களிலும் இந்தக் கோழி திரும்ப வந்தது. கோமாஞ்சியிலோ அது மிக அருகிவிட்டது. அதனால் 2016 முதல் 2019 வரை, கான்சஸிலிருந்து 411 கோழிகளைப் பிடித்துவந்து கோமாஞ்சியிலும் அதை ஒட்டிய சிமரோன் புல்வெளியிலும் விட்டார்கள். தனியார் வயலில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் நின்ற புல் வளர்த்த பறவையை, அரசின் நிரந்தரப் புல்வெளிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நிரந்தர உரிமை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது எனக்கிருந்த எண்ணத்தை இந்த 411 கோழிகள் அசைத்துவிட்டன.

ஒப்பந்தம் முடியும் நாள்

2007-இல் நாடெங்கும் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் சி.ஆர்.பி.யில் இருந்தது, அதுதான் உச்சம். பிறகு மக்காச்சோளத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் கொள்கை தானிய விலையை ஏற்றியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பை 2 கோடியே 40 லட்சமாகக் குறைத்தது. ஒரு கோடி ஏக்கருக்கு மேல் வெளியே வந்தது. எழுபதுகளின் காட்சி மறுபடி. சரியாக அதே ஆண்டுகளில் தென்கிழக்குக் கொலராடோவில் கடும் வறட்சி வந்து, புழுதிப் புயல்கள் மறுபடி எழுந்தன.

ஒப்பந்தம் முடிந்த பாக்கா விவசாயி ஒருவரின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். புல்லை வைத்துக்கொள்ளவே அவருக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். புல்லிலிருந்து வருமானம் வேண்டுமென்றால் மாடு மேய்க்க வேண்டும். மாடு மேய வேலி வேண்டும், தண்ணீர் வேண்டும். கோதுமை நிலமாக இருந்தபோது அங்கே வேலியும் இல்லை, ஆழ்குழாயும் இல்லை. திட்டத்தில் இருந்த பத்து, இருபது ஆண்டுகளில் அவசர வறட்சிக் காலம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர மேய்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே யாரும் வேலி போடவில்லை, தொட்டி கட்டவில்லை. கடைசிக் குத்தகை கைக்கு வந்த மறுநாள் அவரிடம் நல்ல புல் இருக்கிறது, அதைப் பணமாக்கும் கருவி எதுவும் இல்லை. கொட்டகையில் இருக்கும் ஒரே கருவி கலப்பை.

கோமாஞ்சியில் முப்பதுகளில் நட்ட காற்றாடியும் வேலியும் செய்த வேலை இப்போது விளங்குகிறது. அரசு வாங்கியதால் மட்டும் அந்தப் புல் நிற்கவில்லை. அந்தப் புல்லை நம்பிப் பிழைப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்ததாலும் நிற்கிறது. அதை உழ யாராவது முயன்றால் முதலில் எதிர்ப்பவர்கள் அங்கே மேய்க்கும் பண்ணைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். சி.ஆர்.பி. வயலுக்கு அப்படி ஒரு காவலர் இல்லை.

2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தக் குறைக்கு ஒரு பதில் இருக்கிறது. மேய்ச்சலைத் தடுக்காமல், உழக் கூடாது என்ற நிபந்தனையோடு, குறைந்த குத்தகைக்குப் புல் நிலத்தைச் சேர்க்கும் பிரிவு ஒன்றை உருவாக்கினார்கள். குத்தகை குறைவு என்பதால் அதே பணத்தில் அதிக நிலம் காக்கலாம். அந்தப் பிரிவு வேகமாக வளர்ந்தும் இருக்கிறது. ஆனால் அது ஏற்கனவே மாடும் வேலியும் உள்ளவருக்குத்தான் எளிது. பழைய கோதுமை வயலில் புல் வளர்த்துவிட்டு, வேலியும் தண்ணீரும் இல்லாமல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் நிற்பவருக்கு வேண்டியது வேறு. பத்து ஆண்டுக் குத்தகையில் எட்டாம், ஒன்பதாம் ஆண்டுத் தொகையில் ஒரு பகுதியை முள்கம்பிக்கும் குழாய்க்கும் தொட்டிக்கும் ஒதுக்கினால், பத்தாம் ஆண்டு முடிவில் அவர் முன் இரண்டு வழிகள் இருக்கும். இன்று அவருக்கு இருப்பது ஒன்றுதான்.